மனந்திரும்ப மறுத்த ஓநாய்

சாபத்தால் ஓநாயாகிப்போன ஒருவன், தான் செய்த கொலைகளை நினைத்துக் குமுறியபடி மீட்சியைத் தேடி அலையும் கதை நமக்கு அலுப்பதே இல்லை. நாவலிலும் சினிமாவிலும் கணினி விளையாட்டிலும் அவனைத் திரும்பத் திரும்ப மன்னிக்கிறோம். அவன் அழுகிறான், நாம் இளகுகிறோம். இதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. அழ மறுக்கும் ஓநாய் எதிரே வந்து நின்றால் என்ன செய்வோம் என்பதற்கு விடை கதைகளில் இல்லை, ஒரு பழைய நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

1691-இல், அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்த லிவோனியாவில், இன்று லாட்வியாவில் உள்ள ஒரு பகுதியில், தேவாலயத் திருட்டு வழக்கொன்றில் சாட்சி சொல்ல தீஸ் என்ற குடியானவர் அழைக்கப்பட்டார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இவர் ஓநாயாக மாறுகிறவர் என்பது ஊரறிந்த விஷயம் என்று பேச்சு எழுந்ததும், நீதிபதிகள் திருட்டை மறந்துவிட்டுக் கிழவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கதை அவர்கள் எதிர்பார்த்தது அல்ல. ஓநாய்கள் கடவுளின் வேட்டைநாய்கள் என்றார். மந்திரவாதிகள் நரகத்துக்குத் திருடிக்கொண்டு போகும் தானியத்தையும் விளைச்சலையும் மீட்டு வருவதுதான் அவற்றின் வேலை. பிசாசுகள் இரும்புச் சவுக்கால் அடிக்கும். மீட்க முடியாத ஆண்டில் நிலம் பொய்க்கும். ஜெர்மானியப் பண்ணையார்களுக்காக உழைத்துத் தேய்ந்த ஒரு குடியானவர் இப்படிச் சொன்னபோது, விளைச்சலைக் கொண்டுபோகிறவர்கள் நரகத்தில் மட்டும்தான் இருக்கிறார்களா என்று அந்த நீதிமன்றம் கேட்கவில்லை.

சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு மனந்திரும்ப வேண்டும். நீதிபதிகளுக்கு வேண்டியிருந்தது அதுதான். மன்றாடிப் பார்க்கப் போதகரை வரவழைத்தார்கள். போதகர் இன்னும் இளவயதுக்காரர், இதெல்லாம் அவரைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டார் தீஸ்.

தீஸைப் போலன்றி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் எழுதிய பிஸ்கிளாவ்ரே கதையின் ஓநாய்க்கு உலகியல் தெரிந்திருந்தது. மனைவியின் சூழ்ச்சியால் மனித உருவுக்குத் திரும்ப முடியாமல் காட்டில் அகப்பட்ட அந்தப் பிரபு, வேட்டைக்கு வந்த அரசரின் காலை முத்தமிட்டு அரண்மனைக்குள் இடம்பிடித்தான். பின்னொரு நாள் அவன் மனைவியின் மூக்கைக் கடித்துப் பறித்தபோது, இத்தனை சாதுவான விலங்கு காரணமின்றிக் கடிக்காது என்று அரசவை நிதானமாக யோசித்தது. காரணத்தை அறிய, மூக்கை இழந்தவளைச் சித்திரவதை செய்தது. அவன் மனிதனானான், அவள் நாடு கடத்தப்பட்டாள். இதையும் மீட்சிக் கதை என்றே படிக்கிறோம்.

பணிகிறவனுக்கு மன்னிப்பு கிடைக்கிறது. ஆனால் எதற்காகப் பணிவது என்பதைப் பெரும்பாலும் மன்னிக்கிறவரே தீர்மானிக்கிறார். வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966-இல் வெளியிட்ட நூலில் தீஸுக்கு அருகே வைத்துக் காட்டும் இத்தாலியின் பிரியூலி பகுதிக் குடியானவர்களும் பயிரைக் காக்க இரவில் சூனியக்காரர்களோடு போரிடுவதாகத்தான் முதலில் சொன்னார்கள். சமய விசாரணையாளர்கள் பல பத்தாண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களில் சிலரையே தாங்கள்தான் சூனியக்காரர்கள் என்று சொல்லவைத்தார்கள். தவறை உணரச் செய்வதற்கும், நாம் வைத்த பெயரை ஒருவர் வாயாலேயே சொல்லவைப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த விசாரணையாளர்கள் மட்டும்தான் மறந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. குடும்பப் பஞ்சாயத்திலிருந்து அலுவலக விசாரணை வரை, மன்னிப்புக் கடிதத்தின் வாசகத்தை நாமே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிப் பழகியவர்கள் நாம்.

தீஸ் கடைசிவரை கையெழுத்திடவில்லை. 1692-இல் அவருக்குச் சவுக்கடியும் நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன.