காற்றில் யாருக்குப் பங்கு?

காற்றுக்கு வேலி போட இயலுமா என்று கேட்டால் எவரும் நகைப்பர். ஆனால், போட்டே காட்டினர்! வானொலி என்றால் அரசின் ஒலி என்ற நிலை இந்நாட்டிலே பல பத்தாண்டுகள் இருந்தது. அரசு விரும்பிய பண் பரவிற்று. விரும்பாத பண், பாடியவன் வீட்டுக் கூரைக்குள்ளேயே அடங்கிற்று. 1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று – அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்கத்து ஆட்டச் சங்கமும் மத்திய அரசும் மல்லுக்கு நின்ற வழக்கு அது. அந்த வழக்கிலே, பாடுபவனுக்கும் பறையடிப்பவனுக்கும் காற்றிலே பங்குண்டு என்று கொள்ள இடம் பிறந்தது வேடிக்கைதான். சேற்றிலே செந்தாமரை என்று வைத்துக்கொள்வோம்.

பங்குண்டு என்று ஏட்டிலே எழுதியாயிற்று. கையிலே வந்து சேர்ந்ததா?

கல்லூரி வாயில்வரை வந்தது. 2002 டிசம்பரிலே கல்வி நிலையங்கள் வானொலி நடத்த மத்திய அரசு இசைவளித்தது. 2004 பிப்ரவரி முதல் நாள், கிண்டியிலே, அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலே ‘அண்ணா எஃப்.எம்.’ ஒலிக்கத் தொடங்கிற்று – நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி என்ற பெருமையோடு. அடுத்த ஆண்டு நுங்கம்பாக்கத்து எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி. பின்னர் வேறு சில. இவற்றுக்கு விதிக்கப்பட்ட ஆற்றல் 100 வாட்டு. கம்பத்தின் உயரம் 30 மீட்டர். குரல் சிறியது; பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் களைத்துவிடும். ஆயினும் கிண்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் என்றால் என்ன பொருள்? அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் – அத்தனையும் அந்த வட்டத்துக்குள்ளே!

அந்த வட்டத்தைச் சற்று உற்று நோக்குவோம். 1928இலே தோன்றிய மியூசிக் அகாடமி உள்ளே இருக்கிறது. நாரத கான சபா இருக்கிறது. கிருஷ்ண கான சபா இருக்கிறது. வாணி மகால் இருக்கிறது. மார்கழி பிறந்தால், காலையிலே தொடங்கும் கச்சேரி இரவு வரை ஓயாது. எந்தச் சபையிலே சிற்றுண்டி சுவை என்பது கூட நாளேட்டிலே செய்தியாகும். அதே வட்டத்துக்குள்ளே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது, நொச்சிக்குப்பம் இருக்கிறது, கூவத்தை ஒட்டியும் அடையாற்றை ஒட்டியும் குடிசைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்கும் இசை உண்டு. சாவு வீட்டிலே விடிய விடியப் பாடும் கானா உண்டு; ஆடித் திங்களிலே கூழ் வார்க்கும் திடலிலே பறை உண்டு; கல்லறைத் தோட்டத்துப் பாட்டு உண்டு; கிதார் ஒன்று வாங்கிச் சொந்தமாய்ச் சொல்லும் மெட்டும் கட்டி, மொட்டைமாடியிலே பாடிப் பார்க்கும் இளைஞர் கூட்டமும் உண்டு. 2017 அக்டோபரிலே ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மன்றம் சென்னையை ‘இசை நகரம்’ என்று தன் பட்டியலிலே சேர்த்தது. எந்தச் சென்னையை எண்ணிச் சேர்த்தனர்? இரண்டையும் எண்ணியிருந்தால் மகிழ்ச்சியே.

கல்லூரி வானொலி நடத்தும் மாணவன், தோளிலே ஒலிப்பதிவுக் கருவியோடு மாலையிலே புறப்படுகிறான். இடப்புறம் சபா, வலப்புறம் குப்பம். எங்கே போவது? பொழுதுபோக்குக் கேள்வியாகத் தோன்றும் இது அறநெறிக் கேள்வி என்பதே நம் எண்ணம். ஏனெனில், அவன் கையிலிருப்பது அவனுடைய பொருள் அன்று. பொதுச்சொத்தின் ஒரு துண்டு. பொதுக் கிணற்றுக்குக் காவல் நிற்பவனிடம், “யாருக்கு நீர் விட்டாய்?” என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறதல்லவா?

“தகுதியுள்ள இசைக்கு இடம்! அவ்வளவுதான். இதிலே சாதி எங்கே வந்தது, சேரி எங்கே வந்தது?” என்பர் சிலர். தகுதி! எத்தனை இடத்திலே கேட்ட சொல்! பள்ளிக்கூட வாயிலிலே கேட்டோம், பணிமனை வாயிலிலே கேட்டோம், இப்போது பாட்டு வாயிலிலே கேட்கிறோம். இந்தத் தகுதி எப்படி அளக்கப்பட்டது என்பதைச் சென்னை வானொலியின் வரலாறே சொல்லும்.

1924இலே கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் இந்நகரிலே வானொலிக் கழகம் ஒன்று எழுந்தது. 40 வாட்டுக் கருவியோடு ஒலிபரப்பைத் தொடங்கிற்று. (இன்றைய கல்லூரி நிலையத்தின் ஆற்றலில் பாதிகூட இல்லை என்பதைக் கவனிக்க.) பொருள் முட்டுப்பாட்டால் 1927இலே அது ஓய்ந்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. கடற்கரையிலே ஒலிபெருக்கி வைத்தது. காற்று வாங்க வந்த வழக்கறிஞரும் கேட்டார், கட்டுமரம் கரையேற்றிய மீனவரும் கேட்டார். நல்ல காட்சிதான். ஆனால், செவிக்குத் திறந்த கதவு வாய்க்குத் திறக்கவில்லை. கேட்பதற்கு எல்லோரும், பாடுவதற்குச் சிலர்!

1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அது செய்த நன்மையை மறைக்க நாம் முனையவில்லை. சிற்றூரில் கிடந்த நாகசுரத்தை நாடெங்கும் கேட்கச் செய்தது அதுவே. ஆயினும் பாடுவோரை அது தரம் பிரித்தது. பி, பி-உயர்நிலை, ஏ, அதற்கும் மேலே ஏ-டாப் – அரிசி மண்டியிலே மூட்டைக்கு முத்திரை குத்துவது போல! ஆர்மோனியத்துக்கு 1940 முதல் தடை. 1971இலேதான் அது தளர்ந்தது. நாடக மேடையிலும் தெருப் பாட்டிலும் ஏழையின் பண்ணுக்குத் துணை நின்ற பெட்டி அது. வானொலிக்கு மட்டும் ஆகாததாயிற்று. திரைப்பாட்டையும் 1952இலே ஒதுக்கிப் பார்த்தனர். மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பவே, 1957இலே ‘விவித் பாரதி’ தொடங்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுப் பாடுங்கள் என்று கேட்பதற்கே 1941இலே அண்ணாமலை நகரிலே மாநாடு கூட்ட வேண்டியிருந்தது, 1943இலே தமிழிசைச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது என்றால், தகுதி என்ற தராசின் தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தராசு பொய்த்தது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கானா உலகநாதன் திருமண வீட்டிலும் தெருமுனையிலும் பாடிவந்தவர். 2006இலே ‘சித்திரம் பேசுதடி’ என்ற படத்திலே அவர் பாடினார். மறுநாள் முதல் நகரமெங்கும் அப்பாட்டே! தேநீர்க் கடையிலே, தானியிலே, திருமண மண்டபத்திலே! அதே குரல், அதே மனிதர். படத்துக்கு முந்திய நாள் தகுதி இல்லாமலிருந்து, பிந்திய நாள் திடீரென முளைத்ததா? திரையுலகம் முத்திரை குத்தும்வரை நம் செவி உறங்கிற்று, அதுதான் நடந்தது. பயிற்சியும் மேடையும் கேட்கும் கூட்டமும் சிலருக்கே கொடுத்துவிட்டு, மற்றவரைப் பார்த்து, “நீ இன்னும் தேறவில்லை” என்பது நீந்தத் தெரிந்த பின் ஆற்றிலே இறங்கு என்பதற்கு நிகர்.

சிறு நிலையத்தின் பெருமை இங்கேதான். அதற்குப் பெருங்கூட்டத்தைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவிலே 1948இலே கல்வி நிலையங்களுக்கு வெறும் 10 வாட்டு நிலையம் நடத்த உரிமை தந்தனர். அங்கே கல்லூரி மாணவர் நடத்திய நிலையங்கள், பெரிய வானொலிகள் ஏறெடுத்தும் பாராத ஊர்ப்பாடகர் குழுக்களைப் பிற்காலத்திலே தேடித் தேடி ஒலிபரப்பின. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரிலே தோன்றிய ஆர்.இ.எம். என்ற குழு, 1980களிலே அந்த மாணவர் நிலையங்களின் தோளேறித்தான் உலகறிய வந்தது. நம் மாணவர்க்கு 100 வாட்டு இருக்கிறது. நம் நகரிலும் வேலை தொடங்காமல் இல்லை: 2015இலே ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கடற்கரையிலே விழா எடுத்து, கருநாடக இசையையும் பறையையும் ஒரே மணலிலே அமர்த்தினர், 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்திலே ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் முதன்முதலாக மேடையேறியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். விழா ஆண்டுக்கொரு நாள். வானொலி அன்றாடம் ஒலிப்பது. ஆகவே அதன் கடமையும் பெரிது.

ஆனால், குப்பத்துக்குப் போனால் மட்டும் அறம் நிறைவேறிவிடுமா? இங்கேதான் நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வகுப்பிலே ஒரு மாணவன். தந்தை சாவுக்குப் பறையடிக்கும் குழுவிலே இருப்பவர். பள்ளிப் படிவத்திலே ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்திலே ‘கூலி’ என்று எழுதித் தந்தான் அவன். நாம் திருத்தவில்லை, எதற்கு மறைத்தான் என்று நமக்குத் தெரியும். ஒருநாள், கல்லூரி நிலையம் ஒன்றிலிருந்து இரு மாணவர் வந்து அக்குழுவைப் பதிவு செய்து சென்றனர். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினர், தேநீர் அருந்தினர். நாற்பது நிமிடம் அடித்ததை நான்கு நிமிடமாக நறுக்கி ஒலிபரப்பினர். அதையும் பொறுக்கலாம். ஆனால், அறிவிப்பிலே சொன்னது என்ன? “சைதாப்பேட்டைப் பகுதிக் கலைஞர்கள்.” அவ்வளவே! அதே மணிநேரத்திலே வயலின் வாசித்த மாணவி ஒருத்திக்கு அவள் பெயர், அவள் ஆசிரியர் பெயர், அந்த ஆசிரியருக்கு ஆசிரியர் பெயர், மூன்று தலைமுறையும் வந்தது. பையன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தானாம், அப்பாவின் பெயர் வரும் வரும் என்று. மறுநாள் நம்மிடம், “சார், அவங்க பேர் கேட்கவே இல்லை சார்” என்றான். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பெயர் கேட்க மறப்பது சிறு பிழையா? பெயர் இருந்தால் அவன் கலைஞன். இல்லையேல் அவன் காட்சிப்பொருள். ஒருவனை ஆளாகவும் மற்றவனை வட்டாரமாகவும் காட்டிவிட்டு, இருவருக்கும் இடம் கொடுத்தோம் என்று கணக்கெழுதுவது நேர்மை ஆகாது. பழந்தமிழர் இதை அறிந்திருந்தனர். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் குடிகளைப் புறநானூற்றின் 335ஆம் பாட்டு உயர்த்திக் கூறுகிறது, இழித்துக் கூறவில்லை. ஆற்றுப்படை என்ற ஓர் இலக்கிய வகையையே படைத்தனர்: பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்வது. எந்த ஊர், எந்த வழி, யாரிடம் போக வேண்டும் என்று விளங்கச் சொல்வான் அவன். கல்லூரி வானொலி இன்று செய்யத்தக்கது தலைகீழான ஆற்றுப்படை – கேட்பவரைக் கலைஞனிடம் அனுப்புவது! இவர் பெயர் இன்னது, இவரிடம் கற்றார், இன்ன தெருவிலே இன்ன நாளிலே பாடுகிறார், வாருங்கள் என்று சொல்லட்டும். மயிலையிலே கச்சேரி நாள், நேரம், பக்கவாத்தியம் எல்லாம் அச்சிட்டுத் தருகிறார்களே; குப்பத்துத் திடலிலே நடக்கும் நிகழ்ச்சிக்கு அந்த அறிவிப்பு எங்கே?

“கானாவிலே பெண்களை இழிவுபடுத்தும் பாட்டு இருக்கிறதே, அதையும் ஒலிபரப்பச் சொல்கிறீர்களா?” என்று கேட்கக்கூடும். இருக்கிறது, மறுக்கவில்லை. அத்தகைய பாட்டை மறுக்கட்டும், காரணத்தைப் பாடியவரிடமே நேரிலே சொல்லி மறுக்கட்டும். ஆனால், அதே வடிகட்டியைச் சபைப் பாட்டுக்கும் பிடிக்கட்டும். தேவதாசி மரபுப் பெண்கள் வளர்த்த பதங்களைக் கைக்கொண்டு, அவர்களை மேடையிலிருந்து அகற்றிய வரலாறு எந்தப் பக்கத்தது? ஒரு பாட்டு தீது என்றால் ஒரு பாட்டைத்தானே விலக்க வேண்டும்? ஒரு தெருவையே விலக்குவானேன்?

இனி, கூலி. இதைப் பேசத்தான் எல்லோரும் கூசுகின்றனர். “வாய்ப்புக் கொடுத்தோமே” என்கின்றனர். வாய்ப்பு உலையிலே வேகுமா? பறையடிக்கும் அந்தத் தந்தை, பதிவு நடந்த நாளிலே ஒரு சாவு வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தார். மாணவரிடம் பணம் இல்லை, அதுவும் மெய். இந்நிலையங்கள் ஈட்டம் நோக்கி நடத்தப்படுவன அல்ல. ஆனால், விளம்பரத்துக்கு இடம் உண்டு. 2024 பிப்ரவரியிலே வந்த புதிய நெறிமுறை, மணிக்கு 7 நிமிடமாயிருந்த விளம்பர நேரத்தை 12 நிமிடமாக்கிற்று. அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 74 ரூபாய் என்றும் வகுத்தது. அப்படியானால் ஒரு நிமிட விளம்பரம் 444 ரூபாய். அதிகமாகக் கிடைத்த ஐந்து நிமிடத்திலே ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், உள்ளூர்க் கலைஞர்க்கு என்று குறித்துவைத்தால், ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஆளுக்கு எண்பது ரூபாய்க்கு மேல் வரும். வாழ்வு மலர்ந்துவிடாது; பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சோறும் ஆகும். அந்தத் தொகையைக் கையிலே கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். கையெழுத்து வாங்குவதற்காகவேனும் பெயரைக் கேட்பார்கள்.