சஷ்டி விரதமும் ராத்திரி பதினோரு மணி ரீல்ஸும்

ஓம் சரவணபவ!



சென்னையில பிஜி-ல தங்கி வேலை பார்க்கிற ஒரு தம்பி எனக்கு மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, மாசா மாசம் சஷ்டி விரதம் இருக்கேன். சுகர் வர்ற எல்லையில இருக்கேன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா ராத்திரி படுத்துக்கிட்டு ரீல்ஸ் பார்த்தா பரோட்டா, பிரியாணி, சீஸ் வழியிற பர்கர்னு வருது. கை தானா ஆர்டர் போட்டுடுது. முருகன் கோவிச்சுப்பாரா?"

தம்பி, முருகன் கோவிச்சுக்க மாட்டார். ஆனா உடம்பு கணக்கு வச்சுக்கும். உங்களை மாதிரி நிறைய பேர் இருப்பாங்கன்னு தோணுது, அதான் எல்லாருக்குமா எழுதுறேன்.

சூரசம்ஹாரம் பார்த்திருப்பீங்க. சூரன் ஒரே முகத்தோட வரமாட்டான். ஆனைமுகம், சிங்கமுகம்னு தலை மாறி மாறி வரும். கடைசியில மாமரமா நிப்பான். ரீல்ஸும் அப்படித்தான். பரோட்டாவைத் தள்ளிவிட்டா கேக் வரும், கேக்கைத் தள்ளினா "ஹெல்தி ஸ்நாக்ஸ்"னு வேற வேஷத்துல வரும். ஒரு வீடியோவுல நாம எவ்வளவு நேரம் நிக்கிறோம்னு அந்த ஆப் பார்த்துக்கிட்டே இருக்கு. நின்னா, அதே மாதிரி இன்னும் பத்து கொண்டுவந்து கொட்டும். அந்த மாமரத்துக்குத் தண்ணி ஊத்துறது நம்ம கட்டைவிரல்தான்.

அப்போ ருசியே பாவமா? இல்லவே இல்லை. பழனி பஞ்சாமிர்தத்தை நினைச்சுப் பாருங்க. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு எல்லாம் இருக்கு. 2019-ல புவிசார் குறியீடே வாங்கின ருசி அது. ஆனா பிரசாதமா கையில விழறது ஒரு கரண்டிதான். நக்கிட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு நகர்ந்துடுறோம். மனசு நிறைஞ்சுடுது. ருசியோட அளவும் சேர்ந்தாத்தான் பிரசாதம்.

நான் கடைப்பிடிக்கிறது நாலு விஷயம்:

1. சாப்பாட்டு வீடியோ வந்தா அழுத்திப் பிடிச்சு "நாட் இன்ட்ரஸ்டட்" குடுத்துடுவேன். விடாம செஞ்சா கொஞ்ச நாள்ல வரத்து குறையும்.

2. ஃபுட் டெலிவரி ஆப் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டேன். பசி வயித்துல இருந்து வரட்டும், போன்ல இருந்து வர வேண்டாம்.

3. ராத்திரி சாப்பாட்டை நேரத்தோட முடிச்சுடுவேன். சுண்டல், காய், மோர்னு வயிறு நிறைஞ்சிருந்தா கண்ணு அலையாது. சாப்பிடும்போது போன் வேற ரூம்ல.

4. அப்பவும் ஆசை வந்தா, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு "சரவணபவ" 108 தடவை. பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும். அடங்கலைன்னா அது நிஜப் பசி. எழுந்து நல்லதா ஏதாவது சாப்பிடுவேன். பசிச்சா சாப்பிடறது தப்பே இல்லை.

ஒரு முக்கியமான விஷயம். விரதம்ங்கிறது உடம்பை வதைக்கிறதும் இல்லை, ஒல்லியாகுறதுக்கு வழியும் இல்லை. சுகர் மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காம பட்டினி இருக்காதீங்க. பாலும் பழமும் எடுத்துக்கலாம், ஒரு வேளை சாப்பிட்டும் இருக்கலாம். ஒரு நாள் தவறிட்டா "போச்சு"ன்னு மொத்தமா விட்டுடவும் வேண்டாம். அடுத்த வேளையில இருந்து ஆரம்பிங்க.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி ஆரம்பிக்கும். தீபாவளி பலகாரம் டப்பாவுல அப்படியே இருக்கும், போன்லயும் அதே பலகாரம் ஓடும். அந்த ஆறு நாள் வாய்க்கு இருக்கிற விரதத்தைக் கண்ணுக்கும் சேர்த்து இருந்து பாருங்க.

வேல் பட்டு மாமரம் ரெண்டா பிளந்தப்போ முருகன் சூரனை அழிச்சுடலையே! ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கிட்டார், மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியில வச்சுக்கிட்டார். நம்ம நாக்கையும் அழிக்க வேண்டாம் தம்பி. அது நம்மை ஓட்டாம, நாம அதை ஓட்டினா போதும்.

ராத்திரி போனோட உட்கார்ந்திருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚