சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

மின்சாரத்தைக் கடத்தாத இரண்டு பொருட்கள். ஒன்றின் மேல் ஒன்றை மெல்லிய படலமாகப் படியவைத்தால், இரண்டும் தொட்டுக்கொள்கிற இடத்தில் மட்டும் கரன்ட் பாய்கிறது! மைனஸ் 273 டிகிரியை நெருங்கும்வரை குளிரவைத்தால், துளித் தடையும் இல்லாமல் பாய்கிறது. ‘சூப்பர் கண்டக்டிவிட்டி’. 2007-ல் சொன்னார்கள். மற்றவர்களும் செய்து பார்த்தார்கள், வந்தது. ஏன் வருகிறது என்பதில்தான் விவாதம்.

இன்னொரு அதிசயம், 1989 மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார்கள். கனநீரில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் செலுத்தினோம், சூரியனுக்குள் நடக்கிற அணுச்சேர்க்கை மேஜை மேலேயே நடந்துவிட்டது என்றார்கள். ‘கோல்ட் ஃப்யூஷன்’. புகையில்லாத, மலிவான மின்சாரம்! யாருக்குத்தான் ஆசை இருக்காது? எம்.ஐ.டி., கால்டெக் எல்லாம் முயன்றன. வரவில்லை.

இப்போது சிலர் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள். பல்லேடியத்துக்குள் ஹைட்ரஜனை ஏற்றினால் அது கடுங்குளிரில் சூப்பர் கண்டக்டர் ஆகும்; இது உண்மை. ‘அப்படியானால் அணுச்சேர்க்கையும் அந்த உலோகப் பரப்பில் ஏன் நடக்கக் கூடாது?’ என்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! சூப்பர் கண்டக்டரில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேரும் சக்திக்கும், இரு அணுக்கருக்கள் இணையும்போது வெளிப்படும் சக்திக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம். ஒரு பைசாவுக்கும் ஒரு கோடி ரூபாய்க்கும் உள்ள தூரம்.

நான் படித்தது பி.காம். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று தனியாக எழுதிவைப்போம். காரணம் தெரியும்வரை திருட்டு என்று கத்தவும் கூடாது. லாபம் என்று பங்கு பிரிக்கவும் கூடாது.

யூட்டாவில் பங்கு பிரித்துவிட்டார்கள். மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் தொடங்கிய ஆய்வு நிலையம் 1991-ல் மூடப்பட்டது.

மறுபடி தேடுவதில் தப்பே இல்லை. 2015-ல் கூகுள் பணம் கொடுத்து, சுமார் 30 ஆராய்ச்சியாளர்களைத் தேடச் சொன்னது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2019-ல் நேர்மையாக எழுதிவிட்டார்கள்.

ஆசைப்படுவது பாவமில்லை. ஆசையை வரவில் எழுதுவதுதான் பாவம். 1986-ல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் செராமிக் பொருளில் சூப்பர் கண்டக்டிவிட்டியைக் கண்டார்கள். தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே ‘இருக்கக்கூடும்’ என்கிற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் சோதித்தார்கள், இருந்தது. மறு வருஷமே நோபல்.

‘இருக்கக்கூடும்’ என்று சொன்னதால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.