பஸ்ஸுக்குச் சாதி உண்டா?

"மிஷினுக்குச் சாதி தெரியாது." டீக்கடை பெஞ்சிலிருந்து கல்லூரி வகுப்பறை வரை இந்தப் பேச்சு இருக்கிறது. கரண்டு வந்தாச்சு, பஸ்ஸு வந்தாச்சு, ஆளுக்கொரு செல்போனும் வந்தாச்சு, இன்னும் என்னத்துக்குச் சாதி சாதின்னு பேசிக்கிட்டிருக்கீக என்று கேட்கிறார்கள். கேட்கிற எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. படித்த நம்ம பிள்ளைகளே கேட்கிறார்கள். அதனால் இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கை சாதாரண ஆட்களுடையது மட்டுமல்ல. 1853இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் இதைத்தான் எதிர்பார்த்தார். ரயில்பாதை நவீனத் தொழிலைக் கொண்டுவரும், சாதிக்கு அடித்தளமாக இருக்கிற பரம்பரை வேலைப் பிரிவினையை அந்தத் தொழில் கரைத்துவிடும் என்றார். பம்பாய்க்கும் தாணாவுக்கும் நடுவே முதல் பயணிகள் ரயில் ஓடியதும் அதே வருசம்தான்.

ரயில் என்ன செய்தது? 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அப்பாவைப் பார்க்க மசூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். டிக்கெட் எடுத்த பிள்ளைகளை ரயில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இறங்கின இடத்தில் நீங்க யாருன்னு ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். மகார் என்றதும் அவர் முகம் மாறிப்போனது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து நடந்து வந்தான். ரயில் சாதி பார்க்கவில்லை என்பது உண்மை. பிளாட்பாரத்தில் இறங்கினதும் சாதி நின்றுகொண்டிருந்தது என்பதும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ரயிலின் கக்கூசிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலத்தை யார் அள்ளினார்கள்? பரம்பரை வேலை கரையவில்லை. தண்டவாளம் போன தூரத்துக்கு அதுவும் நீண்டது. மலம் கீழே விழாத கக்கூசுகளைப் பெட்டிகளில் பரவலாகப் பொருத்தத் தொடங்கியது 2010களில்தான்.

நம்ம பக்கத்து பஸ்ஸுக்கு வருவோம். மம்சாபுரத்திலிருந்து ஒரு பக்கம் திருவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் இராசபாளையம். ஆஸ்பத்திரி, மில்லு, காலேஜு, தாலுகா ஆபிஸ் எல்லாம் பஸ் ஏறித்தான். நம்ம சனத்துக்கு பஸ் கொடுத்ததைக் குறைத்துப் பேச முடியாது. ஊருக்குள் கூலி கட்டுப்படி ஆகலைன்னா வெளியே போய்ப் பிழைக்க வழி கொடுத்தது அது. டிக்கெட் எடுத்துவிட்டால் சீட்டில் உட்காரலாம்.

ஆனால் அந்தச் சீட்டும் தானாக வந்ததல்ல. அப்போது இந்த ஊர்களெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள். சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் மாவட்டப் போர்டு தலைவராக இருந்தபோது, ஏறக்குறைய 1930 வாக்கில், அப்படி ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்சு ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். எஞ்சின் கதவைத் திறக்கவில்லை, உத்தரவுதான் திறந்தது. அந்த உத்தரவுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது.

அதற்கப்புறம் 1997. எழுபதுகளிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டே வந்தார்கள். பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், மருது பாண்டியர், ராணி மங்கம்மாள். மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பேர். நம்ம மாவட்டமே அப்போது காமராசர் மாவட்டம். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பேரில் ஒரு கழகம் என்று அன்றைய தி.மு.க. அரசு அறிவித்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர். ராசா பேர் போட்ட பஸ்ஸில் அத்தனை வருசம் ஏறி இறங்கியவர்கள், தளபதி பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தளபதி நம்மவர். அவ்வளவுதான் காரணம். கலவரம் வந்தது, உயிர்கள் போயின.

அந்த பஸ்ஸில் என்ன மாறியிருந்தது? அதே எஞ்சின், அதே டயர், அதே சீட்டு. பக்கவாட்டுத் தகட்டில் பெயிண்டில் எழுதின நாலு எழுத்து. இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆதிக்க சாதிக்கு இயந்திரத்தின் மேல் எந்த வெறுப்பும் இல்லை. பம்புசெட்டும் டிராக்டரும் செல்போனும் அவர்களுக்கு வேண்டும். இயந்திரம் கொடுக்கிற வசதியை எடுத்துக்கொள்வார்கள். அது கொண்டுவருகிற சமத்துவத்தை மட்டும் இறக்கிவிடுவார்கள்.

"பேர் வச்சா வயிறு நெறஞ்சிருமா?" என்று நம்மில் சிலரே கேட்கிறார்கள். நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். பேரால் வயிறு நிறையாது. ஆனால் நிறையாத ஒன்றுக்காக எதிராளி எதற்கு அரிவாளைத் தூக்கினான்? தினமும் கண்முன் ஓடுகிற பொதுச்சொத்தில் யார் பேர் இருக்கிறதோ, இந்த ஊரும் ரோடும் அவர்களுக்கும் உரியது என்று பொருள். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கடைசியில் அரசு என்ன செய்தது? 1997 சூலையிலிருந்து எல்லாக் கழகங்களின் பேரையும், மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். பார்வைக்கு நடுநிலை, யாருக்கும் பேர் இல்லை, எல்லோரும் சமம். யோசித்துப் பாருங்கள். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் ஒருவன் வந்து உட்காருகிறான். அவன் உட்கார்ந்ததும் எல்லா இலையையும் எடுத்துவிட்டு, இனி யாருக்கும் சோறு இல்லை, சமத்துவம் என்றால் அது நியாயமா? இன்று ஓடுகிற பேரில்லாத பஸ்ஸைப் பார்த்து, பாருங்க, பஸ்ஸுக்குச் சாதி இல்லை என்கிறார்கள். பேர் ஏன் இல்லாமல் போனது என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். மறதிக்கு நடுநிலை என்று பேர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் இயந்திரமே வேண்டாமா? அது நம்ம வழி இல்லை. காந்தி 1909இல் இந்து சுயராஜ்யத்தில் இயந்திர நாகரிகத்தைச் சாடினார். அம்பேத்கர் 1945இல் வந்த தன் நூலில் அதற்குப் பதில் சொன்னார். ஓய்வு இல்லாமல் மனிதனுக்குப் பண்பாடு இல்லை, உழைப்பைக் குறைக்கிற இயந்திரம் இல்லாமல் ஓய்வும் இல்லை, கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பலன் சிலர் கைக்கு மட்டும் போகிற சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். காலையிலிருந்து இருட்டுகிறவரை குனிந்தே இருந்த முதுகுக்குத்தான் இந்த வாதத்தின் அருமை தெரியும்.

ஆனால் இயந்திரம் எங்கே வருகிறது, எங்கே வராமல் போகிறது என்று பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. கேரளத்து இளைஞர்கள் சாக்கடைக் குழிக்குள் இறக்க ரோபோ செய்து 2018இல் அது வேலைக்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆட்கள் இறங்கிச் செத்தார்கள். செய்யத் தெரியாமல் இல்லை. இறங்குகிற உயிர் இயந்திரத்தைவிட மலிவு என்று இந்தச் சமூகம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கணக்கு மாறாமல் இயந்திரம் அங்கே போகாது.

செல்போனும் அப்படித்தான். அடிக்க வருகிறவனைப் படம்பிடிக்க நமக்கு உதவுகிறது. அவனுடைய சாதிப் பெருமைப் பாட்டையும் அதுதான் ஊரெல்லாம் பரப்புகிறது.

ஆகவே ஒரு புதுச் சாமான் ஊருக்குள் வரும்போது கும்பிடவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மூணு கேள்வி கேட்போம். இதில் ஏறப்போவது யார்? இதன் அழுக்கை அள்ளப்போவது யார்? இதன்மேல் எழுதக்கூடாத பேர் யாருடையது? மூணுக்கும் நேரான பதில் வருகிற நாளில், மிஷினுக்குச் சாதி இல்லை என்று நாமே சொல்லலாம்.