ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எழுதப்படும் தமிழ்

கைப்பேசியில் எழுதுவது மொழித்திறனைக் கெடுக்கிறதா என்ற கேள்வி பல மொழிகளிலும் கேட்கப்படுகிறது. விடை மொழிக்கு மொழி மாறுகிறது. ஆங்கிலத்தில் அந்த வழக்கு பெரும்பாலும் சுருக்கெழுத்தைப் பற்றியது. 2007-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பாளர் ஜான் ஹம்ஃப்ரிஸ், டெய்லி மெயில் ஏட்டில் குறுஞ்செய்திக்காரர்களைச் செங்கிஸ்கானோடு ஒப்பிட்டுத் தாளித்தார். மறு ஆண்டு மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, சராசரிச் செய்தியில் சுருக்கப்படும் சொற்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை என்று காட்டினார். 2009-இல் வெளிவந்த கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 10 முதல் 12 வயது வரையிலான 88 பிள்ளைகளை பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் குழுவினர் ஆராய்ந்தபோது, சுருக்கங்களை அதிகம் கையாண்டவர்களே சொல் வாசிப்பில் முன்னே நின்றார்கள். ஒரு சொல்லைச் சுருக்க வேண்டுமானால் அதன் ஒலிகளை முதலில் பிரித்து அறிந்திருக்க வேண்டும். ஒலியறிவு இல்லாத பிள்ளைக்குச் சுருக்கவும் வராது.

தமிழுக்குச் சுருக்கம் புதிதும் அல்ல. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகக் குறியீடு போட்டு எழுதினார்கள். யாரும் மொழி அழிகிறது என்று அலறவில்லை. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் தேவையில்லாத சொல்லெல்லாம் உதிர்ந்தே போயிற்று. மலாயில் இரட்டைச் சொல்லுக்குப் பக்கத்தில் 2 என்று போடுவதை இன்று குறுஞ்செய்திக் குறும்பு என்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வரை அது அச்சிலேயே ஏற்கப்பட்ட வழக்கு. ஆகவே சுருக்கத்தின்மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்தால் தமிழுக்குரிய சிக்கல் கண்ணில் படாமலே போய்விடும். மலேசியத் தேயிலைத் தோட்டப்புறத்தில், குறிப்பாகக் கேமரன் மலையில் தானா ராத்தாவைச் சுற்றியுள்ள குடும்பங்களில், அந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது.

கேமரன் மலைக்குத் தேயிலைத் தோட்டம் 1929-இல் வந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ என்ற தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு அது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளிகள்மேல் அதற்கு முன்பே சுமத்தியிருந்தது. அப்படித்தான் மலாயாவின் தோட்டந்தோறும் ஒற்றை ஆசிரியர் தமிழ்ப்பள்ளிகள் முளைத்தன. இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை படிவம் ஒன்றில், அதாவது இடைநிலையின் முதல் வகுப்பில், மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. அங்கே தமிழ் ஒரு விருப்பப் பாடம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்பு நடத்தலாம் என்பது விதி. தானா ராத்தா போன்ற சிற்றூரில் அந்த எண்ணிக்கை தேறுவதும், ஆசிரியர் அமைவதும், நேர அட்டவணையில் இடம் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. தேறாத ஆண்டில் ஒரு பிள்ளை 12 வயதில் எழுதிய கட்டுரைதான் அதன் வாழ்வின் கடைசித் தமிழ்க் கட்டுரையாகிவிடுகிறது.

முன்பெல்லாம் பள்ளிக்கு வெளியே வேறு வாசல்கள் இருந்தன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் ஏடும், 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஏடும் தோட்டத்து இளைஞர்களை எழுத இழுத்தன. 1950-களில் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியில் எழுதிப் பழகியவர்களிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்களே கிளம்பினார்கள். கடிதம் இன்னொரு வாசல். எழுதத் தெரியாத தொழிலாளிக்காகப் பள்ளி ஆசிரியரோ தோட்ட எழுத்தரான கிராணியோ எழுதிக் கொடுத்த கடிதத்தில்கூட நலம், நலமறிய அவா என்ற தொடக்கமும் இப்படிக்கு என்ற முடிவும் தவறாமல் இருந்தன. தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. கடிதம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. வங்கிப் படிவம், மருத்துவமனைச் சீட்டு, சம்பளத் தாள் எல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் நாட்டில், தொடக்கப்பள்ளியைத் தாண்டிய ஒருவர் தமிழில் எதையாவது எழுத நேர்ந்தால் அது கைப்பேசியில்தான் நேரும். கைப்பேசி தமிழ் எழுத்தைத் திருடிவிட்டது என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் இடறி விழுகிறது. திருட அங்கே வேறு எழுத்துப் பழக்கம் மிஞ்சியிருக்கவில்லை.

அந்தக் கடைசி வாசலில் எழுதப்படும் தமிழ் எந்த எழுத்தில் எழுதப்படுகிறது என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலும் ரோமன் எழுத்தில். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. தொடக்கத்தில் இதற்குக் காசுக் கணக்கு ஒன்று இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ரோமன் எழுத்து 160 அடங்கும். யுனிகோடு தமிழுக்குக் கிடைத்த இடம் 70. அந்த எழுபதிலும் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். நாளைக்கு வருகிறேன் என்ற சிறு செய்தியில் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்து. கணினிக் கணக்கில் இடைவெளியோடு 18. ஒரே செய்திக்குள் இந்த வாக்கியத்தைத் தமிழில் மூன்று முறைதான் எழுத முடியும். ரோமனில் எட்டு முறை எழுதலாம். முன்கட்டண அட்டையில் சில்லறைக் காசாக எண்ணிச் செலவழித்தவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, தமிழில் அனுப்பியதை எதிராளியின் கைப்பேசி வெறும் கட்டங்களாகக் காட்டிக் கழுத்தறுக்கும்.

இந்தத் தடையை உடைக்க முயன்றவரும் மலேசியரே. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழ் எழுதும் செல்லினத்தை 2005-இல் கொண்டுவந்தார். 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளடங்கி வந்தது; ஆண்டிராய்டும் தமிழைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொண்டது. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், எழுத்துக்குக் காசு இல்லை. தடைகள் எல்லாம் போயின. பழக்கம் மட்டும் போகவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்தே மூன்று மொழிகள் படிக்கிறது, அவற்றில் மலாயும் ஆங்கிலமும் ரோமன் எழுத்து. மலாய் நண்பருக்கு ஒரு வரி, முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி, தங்கைக்குத் தமிழில் ஒரு வரி என்று மாறி மாறி எழுதும் விரல், மூன்றாவது வரிக்காக மட்டும் விசைப்பலகையை மாற்றச் சலித்துக்கொள்கிறது.

ரோமனில் எழுதினால் என்ன போயிற்று என்று கேட்கலாம். பேச்சு போகவில்லை. சொல்வளமும் உடனே போவதில்லை. போவது எழுத்துக்கூட்டல் நினைவு. அது போகும் விதம் கவனிக்கத்தக்கது. கேமரன் மலையில் அடிக்கடி நேரும் நிகழ்ச்சி மலையில் மழை பெய்வது. தோட்டப்புறப் பேச்சில் மழை பெரும்பாலும் மளை ஆகிவிடுகிறது. வேகமாகப் பேசினால் மலைக்கும் மளைக்கும் உள்ள வித்தியாசமும் தேய்கிறது. ரோமனில் பலர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். இடம்பார்த்துப் பொருள் விளங்கிவிடுவதால் செய்தி பழுதில்லாமல் போய்ச் சேருகிறது. ஆனால் ழகரம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை வாயும் சொல்லித் தரவில்லை, விரலும் சொல்லித் தரவில்லை. தமிழில் ல, ள, ழ வேறுபாட்டையும், ண, ன, ந வேறுபாட்டையும், ர, ற வேறுபாட்டையும் பெரும்பாலோர் காதால் காப்பதில்லை, கண்ணால் காக்கிறார்கள். சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் கையால் எழுதுவதும்தான் அந்தக் காவல். ஐந்தாறு ஆண்டுகள் ரோமனிலேயே எழுதியவர் திடீரென்று ஒரு கல்யாண அழைப்பிதழுக்கு வாசகம் எழுத உட்கார்ந்தால், வருகையின் ரகரத்திலேயே பேனா நிற்கிறது.

சீனாவில் இதற்கு இணையான நிலை உண்டு. ரோமன் எழுத்தில் ஒலியை அடித்து, திரையில் வரும் பட்டியலிலிருந்து எழுத்தைப் பொறுக்கிப் பழகியவர்கள், பேனாவைப் பிடித்தால் எழுத்து மறந்து நிற்கிறார்கள். பார்த்தால் தெரிகிறது, நினைத்து எழுத வரவில்லை. அடையாளங் காண்பதும் நினைவிலிருந்து எடுப்பதும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு கிடைப்பது அரிது.

தமிழ் விசைப்பலகைகளுக்குள்ளேயும் இந்த வேறுபாடு இருக்கிறது. இது போதிய அளவு பேசப்படவில்லை. முரசு அஞ்சலின் விசைமுறையில் ஆங்கில ‘எல்’ எழுத்தைச் சிறிய எழுத்தாக அடித்தால் ல, பெரிய எழுத்தாக அடித்தால் ள, இசட் அடித்தால் ழ. எழுதுபவர் ஒவ்வொரு முறையும் தாமே முடிவெடுக்க வேண்டும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையிலும் அப்படியே. மூன்றுக்கும் மூன்று விசை. ஊகித்து எழுதும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளோ ஏதோ ஒன்றை அடித்தாலும் சரியான சொல்லைத் தாமே முன்வைக்கின்றன. முதல் இரண்டும் அடிக்கும்போதே எழுத்துப் பயிற்சி. மூன்றாவது பிழையில்லாத தமிழைத் தருகிறது, பயிற்சியைத் தருவதில்லை. ஆனாலும் ரோமனோடு ஒப்பிட்டால் அதுவும் பல மடங்கு மேல். கண்ணாவது தமிழெழுத்தைப் பார்க்கிறதே.

இன்னொரு குறை அடிக்கடி சொல்லப்படுகிறது: பிள்ளைகள் கட்டுரையிலும் வந்துச்சு, சாப்டேன் என்று எழுதுகிறார்கள். தமிழ் இரட்டை வழக்கு மொழி. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து மொழியியலாளர் தமிழையும் அதற்கு நல்ல காட்டாகச் சொல்லிவருகிறார்கள். கைப்பேசி வருவதற்கு முன் பேச்சுத்தமிழை எழுதிப் பார்த்தவர்கள் கதாசிரியர்களும் வசனகர்த்தாக்களும்தான். அரைகுறைப் படிப்பாளியும் கடிதம் எழுத உட்கார்ந்தால் வந்து சேர்ந்தோம் என்றே எழுதினார். இப்போது பேச்சுத்தமிழை எல்லோரும் நாள் முழுக்க எழுதுகிறார்கள். அதில் தவறில்லை; தம்பியிடம் நீ உணவு உண்டாயா என்று புலனத்தில் கேட்டால் அவன் பயந்துவிடுவான். எழுத்து வழக்கு என்ற இரண்டாவது சட்டையைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துபோவதுதான் குறை. ஒரு மாணவர் பள்ளிக் குழுவில் வந்த பேச்சுவழக்குச் செய்தியைத் தலைமையாசிரியருக்கான கடிதமாக மாற்றி எழுதினால் இரண்டு வழக்குகளும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொள்கிறார். அதற்குக் கைப்பேசியைத் தடைசெய்ய வேண்டியதில்லை.

மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் கலப்பதைக் கைப்பேசியின் கணக்கில் எழுத முடியாது. தோட்டப்புறத் தமிழ் பாசாரையும் (சந்தை) கம்போங்கையும் (கிராமம்) நூறாண்டாகப் புழங்கி வருகிறது.

உண்மையில் கவலைக்குரிய மாற்றம் 2013-இல் புலனத்தில் வந்த குரல்பதிவு வசதி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது பெரிய வரம். தோட்டத்து வரிசை வீட்டுத் திண்ணையிலிருந்தே கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பேரனிடம் பொத்தானை அழுத்திப் பேசிவிடுகிறார். எழுதத் தெரிந்த பேரனும் குரலிலேயே பதில் அனுப்பும்போது, ரோமனில் எழுதிய அரைத் தமிழும் இல்லாமல் போகிறது. ரோமனில் எழுதியவர் வாக்கியத்தையாவது அமைத்தார், சொல்லையாவது பிரித்தார், அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்தாவது பார்த்தார். இந்த மூன்று வேலைகளும் குரல்பதிவில் கிடையா. மூத்தவர்கள் பூப்படத்தோடு அனுப்பும் காலை வணக்கங்களை இளையவர்கள் கேலி செய்கிறார்கள். பல வீடுகளில் தமிழெழுத்து நாள்தோறும் கண்ணில் படுவது அந்தப் படங்களில்தான் என்பதால், கேலியைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

2021-இல் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. அதில் இருந்த தமிழ்க் கட்டுரைத் தாளும் அதோடு போயிற்று. தமிழை விடாமல் தொடரும் மாணவருக்கு எதிரே இருக்கும் பொதுத்தேர்வு ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம். அதில் கட்டுரையைக் கையால்தான் எழுத வேண்டும். அதுவரையிலான ஐந்தாண்டுகளில் அவர் அன்றாடம் தமிழ் எழுதப்போவது கைப்பேசியில் என்பதால், அதில் எந்த விசைப்பலகை இருக்கிறது என்று ஆசிரியரும் பெற்றோரும் படிவம் ஒன்றிலேயே பார்த்துவைப்பது நல்லது.