நலமுள்ளோர் கடன்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்து நிறைவுறுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. நெடுங்காலம் இந்த வகுப்பு போதுமானதாகவே இருந்தது. உடல் நொந்தவர் மருத்துவரை நாடினார், மருத்துவர் மருந்தளித்தார், வீட்டார் பேணினர். நோயில்லாதவருக்கு இவ்வரிசையில் இடமில்லை; இடம் தேவைப்படவும் இல்லை.

2020ஆம் ஆண்டு உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று இக்கணக்கில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நன்றாக உண்கிறார், உறங்குகிறார், வகுப்புக்குச் செல்கிறார். ஆயினும் அவர் விடும் மூச்சில் நோய் கலந்திருக்கலாம். தாம் நலமாக இருப்பதாக நம்பும் இத்தகையோரைக் குறித்த நாள்தோறும் அழைத்து, மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுத்துச் சோதிக்கும் வழக்கம் பல நாடுகளின் பல்கலைக்கழக வளாகங்களில் அப்போது தோன்றியது. பெருந்தொற்றின் வேகம் தணிந்தபின் அவ்வழக்கமும் குறைந்தது. ஆனால் அது எழுப்பிய அறவினா மறையவில்லை. நோய் இல்லை என்று சொல்பவரின் உடலைச் சோதிக்கச் சமுதாயத்திற்கு உரிமை உண்டா? உண்டெனில், அவருக்குச் சமுதாயம் பட்டிருக்கும் கடன் யாது? அடுத்த தொற்று வருமுன், மனம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வினா எழுவதற்குப் பல்கலைக்கழகம் ஏன் களமாயிற்று என்பதை முதலில் காண்போம். விடுதி வாழ்க்கை கூட்டு வாழ்க்கை. ஒரே கூடத்தில் உணவு. ஒரே நடைக்கூடத்தில் அறைகள். ஒரே ஆய்வகத்தில் வேலை. தொற்றியவர்கள் இளைஞர் ஆதலின் பலருக்கு அறிகுறியே தோன்றாது. ஆனால் அவர்களுக்கு உணவு பரிமாறுபவரும், பாடம் சொல்லும் முதிய பேராசிரியரும், விடுமுறையில் அவர்கள் சென்று காணும் பாட்டியும் இளைஞர் அல்லர்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2020 டிசம்பரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அப்போது வளாகத்தில் இருந்த மாணவர் 700க்குச் சற்று மேற்பட்டோரே. முதலில் சிலருக்குத்தான் நோய் தெரிந்தது. பின்னர் அனைவரையும் சோதித்தபோது எண்ணிக்கை நூற்றைக் கடந்தது. உணவுக்கூடப் பணியாளர் சிலரும் அதில் அடங்குவர். ஒரே உணவுக்கூடம் இயங்கி வந்ததும், அங்கே பலரும் கூடியதும் காரணமாகக் கருதப்பட்டன. நோய் கண்டவர்கள் கிண்டி கிங் நிறுவன வளாகத்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் அறையை விட்டு வெளிவராதிருக்க, உணவு பொட்டலமாகக் கட்டி அறைக்கே கொண்டு தரப்பட்டது. 2022 ஏப்ரலில் அவ்வளாகத்தில் மீண்டும் தொற்று தோன்றிய பொழுதும் முழுமையான சோதனை நடந்தது. அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தால் நோய் நம்மை முந்திக்கொள்ளும் என்பதே இதனால் பெறும் பாடம்.

ஆகவே சோதனையால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. பயனுள்ளது எல்லாம் அறமாகிவிடுமா என்பதே கேள்வி.

"நலமாக இருப்பவனைச் சோதிப்பது அவனை ஐயுறுவது ஆகாதா?" என்று சிலர் கேட்பர். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு இக்கேள்வி காசாளரை நினைவூட்டுகிறது. அவர் நாள்தோறும் ரொக்கத்தை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். மேலதிகாரி சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். அதற்கு மேலும், முன்னறிவிப்பின்றி ஒருநாள் வேறோர் அதிகாரி வந்து பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். இதனைத் தம் நேர்மைக்கு இழுக்கு என்று கருதிய காசாளர் எவரையும் நான் கண்டதில்லை. காரணம் எளிது. அந்த விதி எல்லாக் காசாளருக்கும் உரியது. ஒருவர் பெட்டியை மட்டும் நாள்தோறும் திறந்து பார்த்து, மற்றவர் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டால், அந்த எண்ணிக்கையே குற்றச்சாட்டு ஆகிவிடும்.

2021 பிப்ரவரியில் இங்கே கருநாடகத்தில் எழுந்த மனக்குறையை இவ்வுவமை கொண்டு அளந்து பார்க்கலாம். அப்போது கேரளத்தில் நோய் மிகுந்திருந்தது. பெங்களூரிலும் மங்களூரிலும் சில கல்லூரி விடுதிகளில் தொற்றுக் கூட்டங்கள் தென்பட்டன. ஆகவே கேரளத்திலிருந்து வருவோர் சோதனைச் சான்று கொண்டுவர வேண்டும் என்றும், எல்லை கடந்து நாள்தோறும் வந்து செல்லும் மாணவர் முதலியோர் 15 நாளுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் அரசு ஆணையிட்டது. நோய் மிகுந்த இடத்திலிருந்து வருவோரைக் கூர்ந்து நோக்குவதில் மருத்துவ நியாயம் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே விடுதியில், ஒரே அறையில் வாழும் இருவருள் ஒருவரை அவர் பிறந்த மாநிலம் பற்றி மட்டும் அழைத்தால், அடுத்த கட்டிலில் உறங்குபவரின் மூச்சு தூயது என்று எவ்வாறு கொள்வது? வேற்று மாநிலத்தில் வந்து வாழ்ந்து, அவ்வூரைத் தம் ஊராக்கிக்கொண்ட நம்மனோர்க்கு இக்கேள்வியின் கூர்மை நன்கு விளங்கும். நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டுவது எளிது. சூட்டிய பெயரை அழிப்பது அரிது.

காசாளர் உவமை ஓர் எல்லைவரைதான் செல்லும். பெட்டியிலுள்ள பணம் அரசுடையது. உடலோ அவரவருக்கே உரியது. எனவே உடலைச் சோதிப்பதற்கு விதி மட்டும் போதாது, இசைவும் வேண்டும். இசைவின்றிச் செய்த சோதனை என்னாகும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது. 1897ஆம் ஆண்டு புனே நகரில் பிளேக் நோய் பரவியபோது, ஆங்கில அரசு வீடுதோறும் படைவீரரை அனுப்பி நோயாளிகளைத் தேடிற்று. அடுக்களையும் பூசையறையும் மிதிபட்டன; பெண்டிர் மானம் புண்பட்டது. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். நோயுற்றோரை உறவினரே மறைத்து வைக்கும் நிலை ஏற்பட்டது. எதனைக் கண்டறிய வீடு புகுந்தார்களோ, அதுவே மேலும் ஆழத்தில் ஒளிந்துகொண்டது. மறு ஆண்டு பெங்களூரையும் பிளேக் தாக்கியது. அதன்பின் நெருக்கடி நீங்கிக் காற்றோட்டத்தோடு வாழ வகுத்த குடியிருப்புகளே இன்றைய மல்லேசுவரமும் பசவனகுடியும். 1897இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டமே 2020இலும் நம் நாட்டில் கைக்கொள்ளப்பட்டது. சட்டம் பழையதாக இருப்பதில் தவறில்லை. அதனைக் கையாளும் மனமும் பழையதாக இருந்துவிடலாகாது.

இனி, சோதனையில் நோய் உண்டு என்று முடிவு வந்தவரின் நிலையை எண்ணுவோம். தமிழில் 'சோதனை' என்னும் சொல்லுக்கு ஆராய்தல் என்றும் துன்பம் என்றும் இருபொருள் உண்டு. வளாகத்தில் முதற்பொருளாகத் தொடங்குவது, முடிவு வந்த மாலையிலேயே இரண்டாம் பொருளாக மாறிவிடக்கூடும். மாணவனுக்குத் தேர்வு போகும். ஆய்வாளனுக்குப் பல மாத உழைப்பு தடைப்படும். நாட்கூலி பெறும் உணவுக்கூடப் பணியாளனுக்கு அன்றாட அரிசியே போகும். மேலும், எந்தச் சோதனையும் முற்றும் பிழையற்றதன்று. நூற்றுக்கு ஒன்று தவறும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பேரில் உண்மையில் நோயுடையவர் இருவரே எனில், நோயில்லாத ஏறத்தாழப் பத்துப் பேரையும் அது நோயாளி என்று சுட்டிவிடும். அவர்கள் மறுசோதனைவரை பிறருக்காகத் தண்டனை ஏற்கும் குற்றமற்றவர்கள். அவர்களுக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறதா, இல்லையா?

அமெரிக்காவில் மேரி மாலன் என்னும் சமையற்காரி ஒருவர் இருந்தார். அவருக்கு டைபாய்டு நோயின் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் அவர் சமைத்த வீடுகளில் அந்நோய் தோன்றியது. 1907இல் நியூயார்க் அதிகாரிகள் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்னும் வாக்குறுதி பெற்று 1910இல் விடுத்தனர். 1915இல் அவர் வேறு பெயரில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருக்கக் கண்டு மீண்டும் பிடித்தனர். 1938இல் இறக்கும்வரை அவர் அத்தீவிலேயே கழித்தார். வாக்குத் தவறியது அவர் பிழையே. அதனால் பிறர் உயிருக்குக் கேடு விளைந்தது. ஆயினும், தாம் நலமாக இருப்பதாக இறுதிவரை நம்பிய ஒருத்தியிடம் அவர் அறிந்த ஒரே தொழிலைக் கைவிடச் சொன்னவர்கள், அத்தொழிலுக்கு ஈடான வாழ்வை உறுதி செய்தார்களா? அந்த உறுதி இருந்திருப்பின் வேறு பெயர் பூணும் தேவை அவருக்கு வந்திராது என்றே தோன்றுகிறது.

மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்டில் எச்சில் மாதிரி கொண்டு வாரம் இருமுறை மாணவர்களைச் சோதிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கணக்கும் கருவியும் குறைவின்றி இருந்தன. எனினும் முதல் வாரங்களில் நோய் எதிர்பார்த்ததை விஞ்சிப் பெருகியது. நோய் உண்டு என்று அறிந்த பின்னும் மாணவர் சிலர் விருந்துகளுக்குச் சென்றதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கருவி காட்டிய உண்மையைக் கைக்கொள்ள மனச்சான்று வேண்டும். அதனை எந்த ஆய்வகமும் செய்து தருவதில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு கைக்கொண்ட முறை சிந்திக்கத்தக்கது. கல்லூரி விடுதியில் ஒரு வீட்டார் போல் சேர்ந்து வாழும் மாணவர்கள், வாரம் ஒருமுறை தத்தம் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, அனைவர் மாதிரியையும் ஒரே குழாயில் இட்டனர். குழாயில் நோய் இல்லை எனில் எல்லோரும் நலம். உண்டெனில் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தனர். இந்தக் கூட்டுச் சோதனையின் கணக்கு புதிதன்று. 1943இலேயே, படையில் சேர வருவோரின் குருதியைச் சோதிப்பதற்காக ராபர்ட் டார்ப்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விளக்கினார். நம் நாட்டிலும் 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் குறைந்த பகுதிகளில் ஐந்து பேர் மாதிரிவரை சேர்த்துச் சோதிக்கலாம் என்று வழிகாட்டியது. நூறு பேரில் ஒருவருக்கே நோய் எனில், இருபது கூட்டுச் சோதனையும் ஐந்து தனிச் சோதனையும் போதும். நூறு செய்ய வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. செலவு குறைவது ஒருபுறம் இருக்க, இதில் ஓர் அறமும் அடங்கியிருக்கிறது. குழாய்க்குள் உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை. உள்ளூரார் வெளியூரார் இல்லை. 'அவனுக்கு நோய்' என்பதற்கு முன்னே 'நம் குழாயில் நோய்' என்னும் சொல் பிறக்கிறது. 'நம்' என்று தொடங்கிய பேச்சில் இகழ்ச்சி நுழைவது கடினம்.

பெருந்தொற்றுக் காலத்தில் நம் பெங்களூரில் கழிவுநீரை ஆராய்ந்து நோயின் ஏற்ற இறக்கத்தை அறியும் முயற்சியும் அறிவியலாரால் மேற்கொள்ளப்பட்டது. அதில் எவர் பெயரும் வெளிப்படுவதில்லை. எவர் மூக்கும் நோவதில்லை. பெயர் அறியாமலே பயன்பெறக்கூடிய இடத்தில் பெயரைத் தேடாதிருப்பதும், பெயர் அறிந்தே தீரவேண்டிய இடத்தில் அதனைக் காப்பதும் சோதிப்போர் கடன்.

ஆக, நலமுள்ளவர் சோதனைக்கு உடன்படுவது கொடையின் பாற்பட்டது. அவர் தருவது சிறிது சளி மட்டுமன்று. 'எனக்குத் தெரியாமல் என்னால் பிறர் கெடக்கூடாது' என்னும் எண்ணத்தையும் தருகிறார். அக்கொடையைப் பெறும் சமுதாயம் மூன்றை உறுதி செய்தல் வேண்டும். விதி, அதனை இயற்றுவோர் உட்பட எல்லோருக்கும் ஒன்றாயிருத்தல் ஒன்று. நோய் கண்டவர் பெயரும் மானமும் காக்கப்படுதல் இரண்டு. அவருடைய உணவு, ஊதியம், தேர்வு ஆகியவற்றுக்கு இழப்பு நேராமற் பார்த்துக்கொள்ளுதல் மூன்று. இம்மூன்றும் இருக்குமாயின் மறுப்போர் மிகச் சிலராவர். அச்சிலரையும் அறிவுறுத்தி இசைவிக்கலாம்.

வள்ளுவர் வகுத்த நால்வருள் நாம் எளிதில் மறப்பவர் அருகிலிருந்து பேணுபவர். சோதிக்கும் கருவிக்குப் பொருள் ஒதுக்குகிறோம். சோதித்தபின் அறைவாயிலில் உணவு வைப்பவரைத் திட்டத்தில் எழுத மறந்துவிடுகிறோம். கிண்டியில் அறைதோறும் பொட்டலம் கொண்டு சென்றவர் அந்த நான்காமவர். ஐந்தாமவராகிய நலமுள்ளவர் துணிந்து முன்வருவது, நான்காமவர் தம் பின்னே நிற்கிறார் என்னும் நம்பிக்கையால்தான். அந்நம்பிக்கையை முதலில் அளித்துவிட்டு, அதன்பின் மாதிரி கேட்பதே முறை.