நேர்மை எதன்மீது நிற்கிறது?

1978-இல் வெளிவந்த 'ஸ்ட்ரெய்ட் டைம்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், ஆறாண்டுச் சிறைவாசத்துக்குப்பின் கண்காணிப்பு நிபந்தனையுடன் விடுதலையான மாக்ஸ் டெம்போ, வேலை தேடிக்கொண்டு நேர்வழியில் வாழ முற்படுகிறான். அவன் அறையில் எரிந்த தீக்குச்சிகளைக் கண்ட கண்காணிப்பு அதிகாரி, போதைப்பழக்கமெனச் சந்தேகித்து அவனைக் காவலில் அடைக்கிறார். பயன்படுத்தியவனோ நண்பன். சோதனையில் உண்மை தெரிந்து விடுவிக்கப்பட்ட மாக்ஸ், வழியில் அதிகாரியைத் தாக்கி, நெடுஞ்சாலை வேலியில் விலங்கிட்டுவிட்டுப் பழைய தொழிலுக்கே திரும்புகிறான்.

பிழை யாருடையது? அதிகாரியின் அநீதி மறுக்கவியலாதது. ஆயினும் பிறரது நம்பிக்கையின்மீது நிறுத்தப்பட்ட நேர்மை, அது சரிந்ததும் தானும் சரிந்தது. விலங்கு பூட்டப்படாதவர்களுக்கு இவ்வாறு கூறுவது எளிதுதான்! மூலநாவலாசிரியர் எட்வர்ட் பங்க்கர், 1973-இல் நூல் வெளியானபோது சிறையிலிருந்தவர்; 1975-இல் விடுதலையானபின் எழுத்தாலும் நடிப்பாலும் வாழ்ந்தார். மாக்ஸையும் ஒரு பெண் நம்பினாள். இறுதியில் அவளை வழியிலேயே விட்டுவிட்டு அவன் தனியே செல்கிறான்.